பூட்டிக் கிடக்கும் அறைக்கு ஒரு சட்டம்

சென்னையில் ஓர் அறைக்கு மாதம் 8,000 ரூபாய் வாடகை என்றால் அது பெரிய காசாகத் தெரியாது. அதே 8,000 ரூபாயை மாதாமாதம் வட்டியாக வாங்க எவ்வளவு முதல் வேண்டும் என்று கணக்குப் போட்டால்தான் அதன் கனம் தெரியும். ஆண்டுக்கு 96,000 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2023 ஏப்ரலிலிருந்து தருகிற 8.2 சதவீத வட்டியில் இந்தத் தொகை வர வேண்டுமானால், ஏறத்தாழ 11 லட்சத்து 70 ஆயிரம் ரூபாயை அஞ்சலகத்தில் போட்டுவைத்திருக்க வேண்டும். தனியார் ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களில் எத்தனை பேர் கையில், பெண் கல்யாணமும் பையன் படிப்பும் முடிந்த பிறகு, அவ்வளவு மிஞ்சுகிறது? அவர்களுக்கு வருகிற வைப்புநிதி ஓய்வூதியமோ இன்னும் சொற்பம். 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு இருப்பதால், 35 ஆண்டுகள் பணியாற்றியவருக்கும் சூத்திரப்படி வருவது 7,500 ரூபாய்தான். ஆயுள் முழுக்க உழைத்தவரின் ஓய்வூதியத்தைவிட, அவர் வீட்டில் சும்மா கிடக்கும் ஓர் அறையின் வாடகை அதிகம். அப்படியிருந்தும் அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. பணத்தேவை இல்லாததால் அல்ல. வீட்டுக்காரரும் வசிக்கிற வீட்டில் ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விடுவதற்கு நம் மாநிலச் சட்டத்தில் தனி இடம் இல்லை. அந்த இடத்தை உண்டாக்கிவிட்டால் பாதிப் பூட்டு கழன்றுவிடும் என்பது என் வாதம்.

இத்தகைய அறைகளைத் தேடிக்கொண்டு எங்கும் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதை எட்டியவர்களின் பங்கு 2011 கணக்கெடுப்பில் 10.4 சதவீதம், 2021க்கான மதிப்பீட்டில் 13.6 சதவீதம். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் பங்கு அதிகமுள்ள மாநிலம் நம்முடையது. நங்கநல்லூர், கே.கே. நகர், திருச்சி தில்லை நகர், கோவை ஆர்.எஸ். புரம் போன்ற இடங்களில் எழுபது, எண்பதுகளில் கடன் வாங்கிக் கட்டிய வீடுகளில் அன்று அப்பா, அம்மா, பாட்டி, மூன்று பிள்ளைகள் என்று ஆறு பேர் இருந்தார்கள். இன்று இரண்டு பேர்; பல வீடுகளில் ஒருவர் மட்டும். பையனின் அறையில் அவன் கல்லூரிக் காலத்து மேஜை, கொலுப் பொம்மைகளை வைக்கோலில் சுற்றி அடுக்கிய அட்டைப் பெட்டிகள், விருந்தாளி வந்தால் விரிக்கிற மெத்தை, பெல்ட் அறுந்துபோன தையல் மெஷின். பெருக்கித் துடைப்பதற்காக மட்டும் அந்தக் கதவு திறக்கிறது.

அறை தேவைப்படுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மருத்துவமனைச் செவிலியர், கணினி நிறுவனத்தில் முதல் வேலைக்கு வந்தவர், அண்ணா நகரில் குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று வரிசை நீளும். இவர்களுக்கு முழு வீடு வேண்டாம். பத்து மாத அட்வான்ஸ் கொடுக்கவும் வழியில்லை. அரசுக்கும் இது தெரியும். வேலை பார்க்கும் பெண்களுக்காகத் தோழி விடுதிகளைக் கட்டியிருக்கிறது. 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பைச் சிப்காட் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறந்தது. பாராட்ட வேண்டிய வேலைகள்தான். ஆனால் விடுதி என்ற ஒரே வடிவத்தை நம்பியிருப்பதன் ஆபத்தையும் பார்த்துவிட்டோம். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் சாப்பிட்ட தொழிற்சாலைப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக, அவர்களின் தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் ஃபிரிட்ஜ் வெடித்துப் பிடித்த தீ உயிர்களைப் பறித்தது. ஒரு குடும்பம் வாழும் வீட்டில் ஒருவர் கூடுதலாகத் தங்கும்போது இந்த மாதிரிக் கூட்டமும் நெரிசலும் சேர இடமில்லை. விடுதிகள் வேண்டும், வீட்டறைகளும் வேண்டும்.

நம் ஊருக்கு இது புதிய பழக்கமும் இல்லை. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் தலைமுறை தலைமுறையாக ஒண்டுக்குடித்தனம் நடந்திருக்கிறது. முற்றத்தைச் சுற்றி ஆளுக்கொரு அறை, பொதுக் கிணறு, பொதுக் குழாய், முன்கட்டில் வீட்டுக்காரர். கணவரை இழந்த எத்தனையோ பெண்கள் பின்கட்டை வாடகைக்கு விட்டும், தங்கியவர்களுக்குச் சமைத்துப் போட்டும்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். இதை ஏக்கத்தோடு எழுதுவது சுலபம். எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கழிப்பறை இருந்ததையும், ராத்திரி ஆனால் வீட்டுக்காரர் மெயின் சுவிட்சை அணைத்ததையும், இன்ன சாதி என்று தெரிந்த பிறகே நடைக்குள் விட்டதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்ற ஆசை எனக்குக் கிடையாது. வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது நம் நகரங்களுக்குப் பழக்கமான ஏற்பாடு என்பதற்காகச் சொல்கிறேன். ‘இதெல்லாம் நம்ம கலாசாரத்துக்கு ஒத்துவராது’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது.

ஒத்துவராமல் செய்தது பயம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவர்களைக் காக்க வந்தது. நடைமுறையிலோ, ஒருவரைக் காலி செய்யவைக்கச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் தொடங்கி, மேல்முறையீடு, சீராய்வு என்று ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் பலர். ‘உள்ளே விட்டால் வெளியே அனுப்ப முடியாது’ என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. அதற்குப் பதிலாக 2017இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் பல விதத்தில் முன்னேற்றம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இருதரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. குறை எங்கே என்றால், தனி வீட்டையும், சமையலறையை ஒட்டிய அறையையும் இந்தச் சட்டம் ஒன்றாகவே பார்க்கிறது. வேறு தெருவிலிருக்கும் வீட்டில் குடியிருப்பவர் வாடகை தராவிட்டால் உரிமையாளருக்குப் பண நஷ்டம். வாடகை நீதிமன்றத்தில் மனு போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். காலையில் காபி போட ஒரே அடுப்படிக்கு வருகிற இருவருக்குள் பேச்சு நின்றுபோனால் நிலைமையே வேறு. தனியாக இருக்கும் எழுபது வயதுப் பெண்மணி, தன் வீட்டுக்குள்ளேயே ஒருவரோடு முகம் பார்க்காமல் எத்தனை மாதம் தீர்ப்புக்காகக் காத்திருப்பார்? அதை நினைத்துத்தான் அவர் டூலெட் போர்டு மாட்டாமலே இருந்துவிடுகிறார்.

வழக்கறிஞர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி சொல்வார்கள். வாடகை ஒப்பந்தம் என்று போடாமல் லீவ் அண்ட் லைசென்ஸ் என்று போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அப்படிப்பட்ட உரிமத்தை விளக்குகிறது. இடத்தைப் பயன்படுத்த அனுமதி உண்டு, இடத்தின் மேல் உரிமை கிடையாது. ஆனால் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: பத்திரத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, உள்ளபடி என்ன ஏற்பாடு என்றுதான் பார்க்க வேண்டும், தனித்த அனுபோகம் யாரிடம் இருக்கிறது என்பது அதில் முக்கியமான கேள்வி. அறைக்குத் தனிப் பூட்டு, தனி வாசல், சேர்ந்தாற்போல் குளியலறை என்று இருந்துவிட்டால் வழக்கு எந்தப் பக்கமும் சாயலாம். ஐம்பது கட்டில் போட்டு விடுதி நடத்துகிறவருக்கு இந்தச் சந்தேகத்தைச் சமாளிக்க வக்கீல் இருப்பார். ஓர் அறை வைத்திருப்பவருக்கு யார் இருக்கிறார்கள்?

தீர்வு வெகுதொலைவில் இல்லை, மகாராஷ்டிரத்திலேயே இருக்கிறது. அம்மாநிலத்தின் 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், பேயிங் கெஸ்ட் என்றால் யார் என்று விளக்கமே தருகிறது: குடும்பத்தைச் சேராதவர், உரிமம் தருபவர் தானே வசிக்கிற இடத்தின் ஒரு பகுதியைப் பெற்றவர். பிரிட்டனில் வீட்டுக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டு தங்குகிறவர் தனி வகை. அவர் கிளம்ப நியாயமான முன்னறிவிப்பு போதும், நீதிமன்ற ஆணை தேவையில்லை. அங்கே 1992 முதல் இப்படி அறை விடுகிறவர்களுக்கு வரி விலக்கும் உண்டு. 2016 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 7,500 பவுண்டு வரை வரி இல்லை. குடியிருப்போர் பாதுகாப்புக்குப் பேர்போன ஜெர்மனியில்கூட, வீட்டுக்காரர் வசிக்கும் வீட்டில் சாமான்களோடு விட்ட அறையைக் காலி செய்ய ஏறக்குறைய இரண்டு வார முன்னறிவிப்பு போதும். நம் ஒன்றிய சுற்றுலா அமைச்சகமே இந்த வகையை அறியாததில்லை. அதன் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில், உரிமையாளர் குடியிருக்கும் வீட்டில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விருந்தினருக்கு விடலாம். 2025 பட்ஜெட்டில் இத்தகைய ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடனும் அறிவித்தார்கள். இரண்டு நாள் ஊர் பார்க்க வருகிறவருக்காக ‘உரிமையாளர் வசிக்கும் வீடு’ என்ற வகையை உண்டாக்கத் தெரிந்த அரசுகளுக்கு, இரண்டு வருடம் தங்கி வேலை பார்க்க வரும் செவிலியருக்காக அதை உண்டாக்குவதில் என்ன தடை?

வரிச் சலுகை கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. அறை வாடகையில் அந்தப் பகுதிக்குரிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை ரசீது எதுவும் காட்டாமலே கழித்துக்கொள்ளலாம். சொத்து வரியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 96,000 ரூபாயில் 28,800 போக 67,200தான் வருமானக் கணக்கில் ஏறும். 2025–26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை சாதாரண வருமானத்துக்கு வரி விழாது என்பதால், நாம் பேசுகிற ஓய்வூதியர்களுக்கு வரி ஒரு சுமையே இல்லை. கரண்ட் பில் அதைவிடக் கடிக்கும். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலை இரட்டிப்பாகி, மேலே போகப் போகக் கட்டணமும் ஏறும். இரண்டு பேர் வீட்டில் 450 யூனிட் ஓடிக்கொண்டிருந்த மீட்டர், மூன்றாவது அறையில் ஏ.சி. போட்டதும் எகிறிவிடும். ‘கரண்டுக்கு மாதம் 500 ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னவர்கள் ஏப்ரல், மே பில்லைப் பார்த்துத் திகைப்பார்கள். அந்த அறைக்கு ஒரு சப்மீட்டர் போட்டுவிடுவது இருவருக்கும் நல்லது.

எதிர்வாதங்களில் முதலில் வருவது பாதுகாப்பு. முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வாடகை வீட்டிலிருந்த ஐந்து பேரை, வங்கிக் கொள்ளையில் சந்தேகப்பட்டவர்கள் என்று சொல்லிப் போலீசார் சுட்டுக் கொன்ற பிறகு, குடியிருப்பவர்களின் விவரத்தைக் காவல்நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னையில் உத்தரவு வந்தது. அடையாள அட்டையும் வேலை பார்க்குமிடத்தின் கடிதமும் வாங்கி அங்கே கொடுப்பது அவசியம். ஆனால் இந்தக் கேள்வியை எப்போதும் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து மட்டுமே கேட்கிறோம். அறைக்கு வருகிற இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கும் அதே பயம் உண்டு. அவர் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, அவர் வேலைக்குப் போன பிறகு வீட்டில் யாராவது உள்ளே போய் அலமாரியைத் திறந்து பார்ப்பார்களா, வீட்டுக்கு வரும் உறவினர்கள் யார் யார் என்பதெல்லாம் அவருக்கு முக்கியம். தனி வகையை உண்டாக்கும் சட்டம், காலி செய்யச் சொல்லும் வசதியை வீட்டுக்காரருக்குக் கொடுக்கும்போது, பூட்டிய அறையின் அந்தரங்கத்தைத் தங்குகிறவருக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் அது ஒண்டுக்குடித்தனத்தின் அதிகாரத்தைத் திரும்பக் கொண்டுவந்ததாகிவிடும்.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது. சமாதானம் சொல்லித் தள்ளிவிட முடியாதது. வீட்டுக்குள்ளேயே அறை என்றால் சாதியும் மதமும் பார்ப்பது இன்னும் கூடும். ‘சைவம் மட்டும்’ என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் எதை மறைக்கிறார்கள் என்பது வீடு தேடி அலைந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். டெல்லி சுற்றுவட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, பெயரைக் கேட்டவுடனேயே தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வாடகை வீட்டின் கதவு எப்படி மூடிக்கொள்கிறது என்பதை ஆதாரத்தோடு காட்டியது. தன் வீட்டுக்குள் யாரைத் தங்கவைப்பது என்பதில் வீட்டுக்காரருக்கு ஓரளவு விருப்பம் இருக்கத்தான் வேண்டும். ஆண் வேண்டாம், புகைபிடிப்பவர் வேண்டாம் என்று சொல்லலாம். பிறப்பைக் காட்டி மறுப்பதற்கு அந்த விருப்பம் நீளக் கூடாது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், வீட்டுக்காரர் கூடவே வசிக்கும் சிறிய வீடுகளுக்குச் சில விலக்குகள் தருகிறது. இனத்தின் பேரில் மறுப்பதற்கு அங்கேயும் விலக்கு கிடையாது. அதே வரியை நாமும் போடலாம்: சுலபமாகத் திரும்பப் பெறும் வசதியை அரசிடமிருந்து பெறுகிறவர், விளம்பரத்திலோ நேர்ப்பேச்சிலோ சாதி, மதம் சொல்லி ஒருவரை மறுத்தால் அந்த வசதியை இழக்க வேண்டும். இதனால் பாகுபாடு ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இன்று புகார் கொடுக்கக்கூட வழியில்லாத இடத்தில் ஒரு வழி பிறக்கும்.

வீடுகளெல்லாம் தினவாடகைக்குப் போய், குடும்பங்களுக்கு வீடு கிடைக்காமல் போய்விடாதா என்று கேட்பவர்களும் உண்டு. சுற்றுலா நகரங்களில் அது நிஜமான பிரச்சினை. அதைக் கட்டுப்படுத்திய நியூயார்க் எங்கே கோடு கிழித்தது என்று பாருங்கள். 2023 செப்டம்பரிலிருந்து அங்கே 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விடுவதென்றால் பதிவு வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது, வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும். முதலீடாக வாங்கிப் போட்ட வீட்டைத்தான் அந்த விதி தடுக்கிறது. தான் வாழும் வீட்டில் அறை விடுகிறவரை அது விட்டுவைக்கிறது. பூட்டிய அறையைத் திறப்பதால் சந்தையில் ஒரு வீடும் குறையாது. ஓர் அறை கூடும்.

யாரும் அதிகம் பேசாத ஒன்று, இந்த வருமானத்துக்காக உழைப்பது யார் என்பது. அறை வாடகை என்று சொல்லிக்கொண்டாலும், வந்தவர் ‘ஆன்ட்டி, காலையில ரெண்டு இட்லி மட்டும்’ என்று ஆரம்பித்து, மதிய டப்பா, ராத்திரிச் சாப்பாடு, காய்ச்சல் வந்தால் கஞ்சி என்று வேலை வளரும். அறுபத்தைந்து வயதில், பிள்ளைகளுக்குச் சமைத்து முடித்து ஓய்ந்த பெண் மறுபடியும் அடுப்படியில் நிற்பார். 8,000 ரூபாய் கணவரின் வங்கிக் கணக்கில் விழும். அறைக்கு ஒரு தொகை, சாப்பாட்டுக்கு ஒரு தொகை என்று பிரித்துப் பேசி, சாப்பாட்டுப் பணம் சமைப்பவரின் கணக்குக்கே நேராகப் போகும்படி எழுதிக்கொள்வதுதான் முறை. சமைக்க முடியாது என்றால் ஓர் இண்டக்ஷன் அடுப்பும் சின்ன ஃபிரிட்ஜும் வைத்துக்கொள்ள அனுமதித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். உபரி வருமானம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு வாடகை, எவ்வளவு கூலி என்று வீட்டுக்குள் முதலில் தெளிவாகட்டும்.

சட்டம் மாறும்வரை எழுத்தில் இருக்க வேண்டியவற்றையாவது எழுதிவைக்கலாம். ஒரு மாத முன்னறிவிப்பு. இரண்டு மாத அட்வான்ஸ், காலி செய்யும் நாளிலேயே அது திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி. கட்டில், மெத்தை, மின்விசிறி, பீரோ என்று அறையிலுள்ள சாமான்களின் பட்டியல், புகைப்படத்தோடு. சப்மீட்டரின் தொடக்க அளவு. தண்ணீர் லாரி வரவழைக்க வேண்டியிருந்தால் யார் பங்கு எவ்வளவு. விருந்தினர் எத்தனை மணி வரை. இரவுப் பணி முடித்து விடிகாலையில் வருகிறவர் என்றால் கேட் சாவி ஒன்று அவரிடமே இருக்கும் என்பது. இவற்றை வாய்ப்பேச்சாக விட்ட வீடுகளில்தான் மூன்றாவது மாதத்தில் மனஸ்தாபம் வருகிறது.

அரசு செய்ய வேண்டியது அதிகமில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு திருத்தம்: உரிமையாளர் தானே வசிக்கும் வீட்டில் இரண்டு அறைகள் வரை, அறைக்கு இருவர் வரை தங்கினால் அது தனி வகை. இருதரப்புக்கும் 30 நாள் முன்னறிவிப்பு. அது முடிந்தும் காலி செய்யாவிட்டால் வாடகை அதிகாரி இரண்டு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். வன்முறை, தொந்தரவு என்றால் உடனே. தங்குகிறவரின் அறைக்குள் அவர் அனுமதியின்றி நுழைந்தால் உரிமையாளருக்கு அபராதம். விடுதிகளுக்கென்று 2014இல் வந்த சட்டத்தின் காப்பாளர், காவலாளி, கேமரா நிபந்தனைகள் இந்த வகைக்குப் பொருந்தாது என்று ஒரு வரி. மின்சாரமும் சொத்து வரியும் வீட்டுக் கட்டணத்திலேயே தொடரும் என்று இன்னொரு வரி. வாடகை ஒப்பந்தங்களை இணையத்தில் பதிவு செய்யும் ஏற்பாடு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தளத்தில் அறைக்கென்று ஒரு பக்கப் படிவம் ஒன்றைச் சேர்த்துவிட்டால், எழுபது வயதுக்காரரும் அவர் வீட்டுக்கு வரும் செவிலியரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே அதை நிரப்பிவிடலாம்.